பிரபு எழுதிய கதை

சென்ற மாதம் ஓர் ஊரில் இலக்கியக் கூட்டம். தலைமை வகித்தவர் என்னை அறிமுகம் செய்துவைக்கும்போது, "இவர் காசுக்காக எழுதாதவர்" என்று ஒரு போடு போட்டார். சபையில் பலத்த கைதட்டல். நான் நாற்காலியில் நெளிந்தேன். அன்று காலையில்தான், வர வேண்டிய சன்மானம் இன்னும் வந்துசேரவில்லையே என்று ஒரு பத்திரிகைக்குக் கொஞ்சம் காரமாகவே எழுதிப் போட்டுவிட்டு ரயிலேறியிருந்தேன். தலைவரைத் திருத்தலாமா என்று நினைத்தேன், தைரியம் வரவில்லை. கைதட்டல் யாருக்குத்தான் கசக்கும்?

அந்த ரயில் பிரயாணத்தில் என் பையில் இருந்தது, டேவிட் யங் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1984-இல் வெளியிட்ட ஒரு புத்தகம். கிரேக்க விளையாட்டு வீரர்கள் காசு வாங்காதவர்கள் என்ற நம்பிக்கை எப்படிப் பிறந்தது, யார் அதை வளர்த்தார்கள் என்பதுதான் விஷயம். அதைப் படித்த சூட்டோடு ஒலிம்பிக் பந்தயங்களுக்கு மறுபிறப்புக் கொடுத்தவரான பியர் தெ கூபர்டின் பிரபு 1931-இல் எழுதிய நினைவுக் குறிப்புகளையும் தேடிப் பிடித்துப் படித்தேன். இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பில் கிரேக்க சரித்திரம் எனக்குக் கொஞ்சம் உண்டு. பரீட்சைக்கு வேண்டிய மட்டும்தான். ஆகவே சரித்திராசிரியராக அல்ல, கதை எழுதுகிறவனாகவே இந்தப் பிரபுவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லப்போகிறேன். ஏனென்றால் அவரும் என் ஜாதிதான். அவர் எழுதியதும் ஒரு கதைதான்.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். கி.மு. 776-இல் ஒலிம்பியாவில் ஓட்டப் பந்தயத்தில் ஜயித்தவர் பெயர் கொரோய்போஸ். பெயர் தெரிந்த முதல் வெற்றி வீரர் அவர்தான். எலிஸ் நாட்டுக்காரர், தொழில் சமையல் என்று பழைய கிரேக்க நூல் ஒன்று சொல்கிறது. அவர் ஓடிய தூரம் சுமார் 192 மீட்டர். கிடைத்த பரிசு, கோயில் பக்கத்து ஒலிவ மரத்துக் கிளையில் வளைத்த ஒரு கிரீடம். பள்ளிக்கூடப் புத்தகங்கள் இந்த இடத்தில் நின்றுவிடும். 'பாருங்கள், வெறும் இலைக்காக ஓடினார்கள்!' என்று ஆசிரியர் கண்கலங்குவார். எங்கள் ஆசிரியர் உண்மையாகவே கலங்கினார்.

ஆனால் இலையோடு வீரன் ஊருக்குத் திரும்பிய பிறகு என்ன நடந்தது என்பதை அந்தப் புத்தகங்கள் சொல்லுவதில்லை. ஆதென்ஸ்காரன் ஒருவன் ஒலிம்பியாவில் ஜயித்தால் அவனுக்கு 500 திராக்மா கொடுக்க வேண்டும் என்று சட்டம் செய்தவர் சோலோன் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அதற்கு மேல் ஆயுள் பரியந்தம் அரசாங்கச் செலவில் சாப்பாடும் உண்டு. ஆதென்ஸ் நகரத்துச் சொந்தப் பந்தயங்களிலோ இலைப் பேச்சே இல்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டின்படி ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனுக்கு 100 ஜாடி ஒலிவ எண்ணெய். எண்ணெயை விற்றால் தேர்ந்த தொழிலாளி ஒருவனுக்கு இரண்டு வருஷத்துக்கும் மேற்பட்ட கூலி தேறும் என்று யங் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். ஐரோப்பிய பாஷைகளில் விளையாட்டு வீரனைக் குறிக்கும் 'அத்லெட்' என்ற சொல்லே கிரேக்கச் சொல். பரிசுக்காகப் போட்டியிடுகிறவன் என்று பொருள். பரிசு வேண்டாம் என்கிறவனைக் குறிக்க அவர்களிடம் வார்த்தையே இருக்கவில்லை.

இன்னும் வேடிக்கை, அந்த வெற்றிகளைப் பாடிய கவி. பிண்டார் ஒலிம்பிய வீரர்களைப் பற்றிப் பாடிய பாடல்களில் பதினான்கு நமக்குக் கிடைத்திருக்கின்றன. உலக இலக்கியத்தில் அவற்றுக்கு இருக்கும் அந்தஸ்து எல்லோருக்கும் தெரியும். பாடுவதற்குக் கூலி வாங்கினார் அவர். வாங்குவதைப் பாட்டிலேயே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியும் கொண்டார். பரிசில் வாங்கப் போன நம் சங்கப் புலவர்களைப் படித்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இராது. வள்ளலைப் பாடிவிட்டு, வயிறு காய்கிறது என்று நேராகச் சொல்லிவிடுகிற மரபு நம்முடையது. அதனால் பாட்டுக் கெட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை.

ஒலிம்பியா புண்ணிய க்ஷேத்திரமாக இருந்தது என்பது வாஸ்தவம். ஆனால் புண்ணிய க்ஷேத்திரங்களில் நடக்கிற எல்லாமும் அங்கேயும் நடந்தது. கி.மு. 388-இல் ஒரு குஸ்திக்காரன், எதிரிகள் மூன்று பேருக்கு லஞ்சம் கொடுத்து மாட்டிக்கொண்டான். முஷ்டிச் சண்டைக்காரன் என்று சொல்வதே சரி. அபராதப் பணத்தில் ஜீயஸ் தெய்வத்துக்கு ஆறு வெண்கலச் சிலைகள் செய்து மைதானத்துக்குப் போகிற வழியில் நிறுத்தினார்கள். பிற்காலத்தில் அந்த வரிசை நீண்டது. உள்ளே போகிற வீரன் ஒவ்வொருவனும் அந்தச் சிலைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். யுத்த நிறுத்தம் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அது யாத்திரிகர்கள் பத்திரமாக வந்துபோவதற்கான ஏற்பாடு; யுத்தங்கள் அதன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. கி.மு. 364-இல் பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே கோயில் வளாகத்துக்குள் எலிஸ்காரர்களும் ஆர்க்கேடியர்களும் வெட்டிக்கொண்டார்கள். ரோமச் சக்கரவர்த்தி நீரோ கி.பி. 67-இல் தேரிலிருந்து விழுந்தும் ஜயித்ததாக அறிவிக்கப்பட்ட கதையை நான் விவரிக்கப்போவதில்லை. அதிகாரம் உள்ள இடத்தில் அது எங்கேயும் நடப்பதுதான்.

இவ்வளவு மனித வாடை வீசுகிற ஒரு விஷயம், காசைத் தொடாத கனவான்களின் நந்தவனமாக எப்படி மாறியது? இதற்கு விடை தேட வேண்டிய இடம் கிரீஸ் அல்ல, இங்கிலாந்து.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்தில் 'அமெச்சூர்' என்ற சொல் கெளரவம் பெற்றது. ஆசைக்காக ஆடுகிறவன் என்று அர்த்தம், அழகான அர்த்தம்தான். ஆனால் விதியாக எழுதும்போது அந்த அழகு எங்கே போயிற்று என்று பாருங்கள். ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் 1879-இல் செய்த விதியின்படி, கூலிக்குக் கைவேலை செய்தவனோ, யந்திரத் தொழிலாளியோ, உடலுழைப்பாளியோ அமெச்சூர் ஆக மாட்டான். படகு விட்டதற்காக அவன் ஒரு காசு வாங்கியிருக்க வேண்டியதில்லை. தச்சு வேலை செய்து சோறு தின்றால் போதும், அவன் தள்ளுபடி. நம் கொரோய்போஸ் ஹென்லிக்குப் போயிருந்தால் சமையற்காரன் என்று வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். பண்டிதர்கள் சிலர் இந்த வாசற்கதவைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிரேக்கர்களின் வீட்டில் மாட்டினார்கள். யங் அவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பிடிக்கிறார். கொஞ்சம் கோபமாகவே பிடிக்கிறார். பேராசிரியர்களுக்கு இவ்வளவு கோபம் வருவதைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

மறுபிறப்பின் கதைக்கு வருவோம். கூபர்டின் பிரபுவின் நினைவுக் குறிப்புகளைப் படிப்பவர்களுக்கு, ஒரு பிரஞ்சு இளைஞரின் மூளையில் இந்த யோசனை தானாகவே உதித்தது போலத் தோன்றும். நடந்தது வேறு. முதலில் இந்த ஆசையை வெளியிட்டவர் ஒரு கிரேக்கக் கவிஞர். பானயோட்டிஸ் சூட்ஸோஸ் என்று பெயர். 1833-இல் ஒரு கவிதையில் பிளேட்டோவின் ஆவியை வரவழைத்து, உங்கள் ஒலிம்பிக் பந்தயங்கள் எங்கே என்று கேட்க வைத்தார். கவிதையோடு நில்லாமல் 1835-இல் அரசாங்கத்துக்கு மனுவும் கொடுத்தார். கவிஞரின் மனுவுக்கு நேர்கிற கதி அதற்கும் நேர்ந்தது. இருபது வருஷத்துக்கு மேல் சென்றபின், ருமேனியா பக்கத்தில் நிலபுலன்கள் சேர்த்துப் பெரிய பணக்காரராகிவிட்ட இவாங்கெலோஸ் ஜாப்பாஸ் என்ற கிரேக்கர் அந்த யோசனைக்குப் பணம் கொடுத்தார். 1859-இல் ஆதென்ஸ் நகரத்தின் ஒரு சதுக்கத்தில் பந்தயம் நடந்தது. 1870-இலும் 1875-இலும் பழைய மைதானத்தைத் தோண்டித் துப்புரவு செய்து அதிலேயே நடத்தினார்கள். 1870-இல் கூலித் தொழிலாளிகள் ஜயித்துவிட்டார்கள். படித்த கனவான்களுக்கு அது பொறுக்கவில்லை. 1875-இல் கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று மாற்றினார்கள், பந்தயம் சோபிக்கவில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தில் மச் வென்லாக் என்ற சிற்றூரில் வில்லியம் பென்னி புரூக்ஸ் என்ற டாக்டர் 1850 முதல் வருஷந்தோறும் 'ஒலிம்பிய' விளையாட்டுகள் நடத்திவந்தார். ஓட்டமும் தாண்டலும் இருந்தன. ஒரு பவுண்டு தேயிலைக்காகக் கிழவிகள் ஓடுகிற பந்தயமும் இருந்தது! எனக்கு எல்லா ஒலிம்பிக் பந்தயங்களிலும் இதுதான் பிடித்திருக்கிறது. 1890-இல் கூபர்டின் அங்கே விருந்தாளியாகப் போனார். அவருக்கு வயது இருபத்தேழு, டாக்டருக்கு எண்பதுக்கு மேல். பிரபுவைக் கெளரவிக்க ஓர் ஓக் மரக்கன்று நட்டார்கள். ஊர் திரும்பியதும் பிரபு டாக்டரைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகு டாக்டரின் பெயர் அவருடைய பேனாவுக்கு ஏறக்குறைய மறந்தே போயிற்று. 1895 டிசம்பரில் டாக்டர் காலமானார். ஆதென்ஸில் பந்தயம் தொடங்க இன்னும் நான்கு மாதம் இருந்தது.

கடன் வாங்காத கதாசிரியன் கிடையாது. பாட்டி சொன்னது, பக்கத்து வீட்டில் நடந்தது, பிறத்தியார் புத்தகத்தில் படித்தது எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறோம். இதற்காகக் கூபர்டினை நான் திட்டப்போவதில்லை. அவரிடம் ஒரு நிஜமான திறமை இருந்தது: மற்றவர்கள் ஊர்க் காரியமாகச் செய்துகொண்டிருந்ததை அவர் உலகத்தின் காரியமாக ஆக்கினார். 1894 ஜூனில் பாரிஸ் ஸார்போன் கலாசாலையில் மகாநாடு கூட்டினார். அதற்கு முந்தின வருஷம் டெல்பியில் கல்லில் கண்டெடுத்த அப்போலோ துதியைப் புது ஹார்மனியோடு பாடவைத்துச் சபையை உருக்கினார். பாட்டில் உருகியவர்கள் தீர்மானத்துக்குக் கைதூக்கினார்கள். எந்த இடத்தில் வாசகன் நெகிழ்வான் என்று தெரிந்த எழுத்தாளனுடைய சாமர்த்தியம் இது.

அவர் கதையில் மிகவும் நல்ல அத்தியாயம் மாரத்தான். பழைய ஒலிம்பியாவில் இப்படி ஓர் ஓட்டமே கிடையாது. அங்கே மிக நீண்ட ஓட்டம் ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மாரத்தான் யுத்தத்துக்கு மிக அருகில் வாழ்ந்த ஹெரடோட்டஸ், உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய தூதனைப் பற்றித்தான் சொல்கிறார். வெற்றிச் செய்தியைச் சொல்லிவிட்டு விழுந்து இறந்த தூதன், பல நூற்றாண்டுகள் கழித்து வந்த எழுத்தாளர்களிடமிருந்து கிடைத்தவன். இந்தக் கதையைப் பந்தயமாக்கலாம் என்று கூபர்டினுக்கு யோசனை சொன்னவர் மிஷேல் பிரேயால் என்ற பாஷா சாஸ்திரி. 1896-இல் அதில் ஜயித்தவர் மரூஸியைச் சேர்ந்த ஸ்பிரிடோன் லூயிஸ், தண்ணீர் சுமந்து விற்றவர். சலவைக்கல் மைதானத்துக்குள் அவர் ஓடிவந்தபோது கிரேக்க இளவரசர்கள் கூடவே ஓடினார்கள். இங்கே கற்பனை சரித்திரத்தைவிட நிஜமாகிவிட்டது. கதை எழுதுகிறவன் வேறென்ன கேட்பான்?

ஆனால் அதே ஆதென்ஸ் வாசலில் வேறொருவர் நின்றார். கார்லோ ஐரோல்டி என்ற இத்தாலியர், நெடுந்தூர ஓட்டக்காரர். மிலான் நகரத்திலிருந்து, நடுவில் கொஞ்சம் கப்பலைத் தவிர, கால்நடையாகவே வந்து சேர்ந்தார். முன்பு பந்தயத்தில் பணப் பரிசு வாங்கியிருக்கிறாய் என்று அவரைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். பிண்டார் பாடிய வீரர்களில் எத்தனை பேர் அந்த வாசலைத் தாண்டியிருப்பார்கள் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். 1912, ஸ்டாக்ஹோம். அந்த வருஷம் முதல் முறையாகச் சிற்பம், ஓவியம், சங்கீதம், இலக்கியம், கட்டடக்கலை ஆகியவற்றுக்கும் ஒலிம்பிக் பதக்கம் வைத்தார்கள். இலக்கியத்துக்குத் தங்கம் வாங்கியது விளையாட்டைத் துதிக்கிற ஒரு வசன கவிதை. எழுதியவர்கள் ஹோரோட், எஷ்பாக் என்று இரண்டு பெயர்கள் போட்டிருந்தன. உண்மையில் இருவரும் ஒருவரே. கூபர்டின் பிரபுதான்! மனைவி பிறந்த ஊர்ப் பக்கத்துக் கிராமங்கள் இரண்டின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு, தாம் ஏற்படுத்திய போட்டியில் தாமே கலந்துகொண்டு ஜயித்தார். கவிதையை நான் மொழிபெயர்ப்பில் படித்தேன். ஒவ்வொரு பகுதியும் விளையாட்டை விளித்து, நீயே அழகு, நீயே நீதி, நீயே சமாதானம் என்கிற தோரணையில் போகிறது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் படிக்கலாம். பிண்டாரைப் பக்கத்தில் வைத்தால் தாங்காது. பிண்டாரிடம் தோற்றவன் சந்துவழியாக ஒளிந்து வீடு திரும்புகிறான். பிரபுவின் கவிதையில் தோற்றவனே இல்லை.

அதே ஸ்டாக்ஹோமில் ஐந்து ஆட்டப் போட்டியிலும் பத்து ஆட்டப் போட்டியிலும் தங்கம் வாங்கினார் ஜிம் தோர்ப். அமெரிக்க ஆதிகுடிகளான ஸாக்-பாக்ஸ் இனத்தவர். அந்த மக்களின் பிள்ளைகளுக்கென்று நடத்தப்பட்ட கார்லைல் பள்ளியில் படித்தவர். அவர் இனத்தார் எல்லோருக்கும் அமெரிக்கப் பிரஜா உரிமை சட்டப்படி கிடைத்ததே 1924-இல்தான். அடுத்த வருஷம், 1913 ஜனவரியில், ஒரு பத்திரிகை விஷயத்தை வெளியிட்டது: தோர்ப் 1909-இலும் 1910-இலும் வட கரோலினாவில் சொற்பக் கூலிக்குப் பேஸ்பால் ஆடியிருக்கிறார். கல்லூரிப் பையன்கள் பலர் விடுமுறையில் இப்படி ஆடினார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள், பொய்ப் பெயரில் ஆடினார்கள். தோர்ப் சொந்தப் பெயரிலேயே ஆடிவிட்டார். அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தில் இதையும் சொல்லி, உலக நடப்புத் தெரியாத பள்ளிப் பையனாக இருந்தேன் என்று மன்னிப்புக் கேட்டார். பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆட்சேபம் எழுப்ப 30 நாள்தான் கெடு என்று அவர்களுடைய விதியே சொல்லியிருந்தது. ஆறு மாதம் கழித்துச் செய்தார்கள்.

ஒரே வருஷம், ஒரே ஊர். பொய்ப் பெயர் இரண்டைப் போட்டுக்கொண்ட பிரபுவுக்குத் தங்கம் நிலைத்தது. தன் பெயரை மறைக்காத பையனுக்கு இரண்டு தங்கமும் போயின. இதை நான் ஒரு நாவலில் எழுதியிருந்தால், இவ்வளவு அப்பட்டமாகவா எழுதுவது என்று விமர்சகர்கள் என்னைக் கண்டித்திருப்பார்கள்.

கூபர்டின் தோர்ப்பை வெறுத்தார் என்று நான் சொல்லவில்லை. என் குற்றச்சாட்டு வேறு. நினைவுக் குறிப்புகளில் அவரே ஒப்புக்கொள்கிறார்: அமெச்சூர் விவகாரத்தில் தமக்கு என்றுமே அவ்வளவு அக்கறை இருந்ததில்லையாம், 1894 மகாநாட்டைக் கூட்டுவதற்கு அது ஒரு திரையாகப் பயன்பட்டதாம். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். கற்பனை செய்வது குற்றமில்லை. தான் நம்பாத ஒரு பாத்திரத்தைக் கதையில் நுழைத்து, அது உயிருள்ள மனிதர்களின் கழுத்தை நெரிக்கும்போது பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போவதை எப்படி மன்னிப்பது? அவர் நம்பவில்லை, ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் நம்பினார்கள். 1912-இல் அதே இரண்டு போட்டிகளிலும் தோர்ப்பிடம் தோற்ற ஏவரி பிரண்டேஜ், 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்தார். பதக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்ற வேண்டுகோள் எதற்கும் அவர் மசியவில்லை. தோர்ப் 1953-இல் ஏழையாகவே இறந்தார்.

இலக்கியப் பதக்கம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். 1948 வரை கொடுத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது, போட்டியிடுகிற கலைஞர்கள் ஏறக்குறைய எல்லோரும் அதைத் தொழிலாகக் கொண்டவர்கள், காசு வாங்குகிறவர்கள் என்று கண்டுபிடித்து, போட்டியையே எடுத்துவிட்டார்கள். பிண்டார் வந்திருந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். என் கதி சொல்ல வேண்டாம்.

1970-களில் அமெச்சூர் என்ற சொல்லை விதிப் புத்தகத்திலிருந்து அடித்தார்கள். 1992-இல் பார்சலோனாவில் கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் பகிரங்கமாக வந்து ஆடித் தங்கம் வாங்கிப் போனார்கள். தோர்ப்பின் பிள்ளைகளிடம் பதக்கங்களின் நகல் 1983 ஜனவரியில் கொடுக்கப்பட்டது. அப்போதும் முதலிடத்தைப் பங்குபோட்டுத்தான் கொடுத்தார்கள். அவர் ஒருவரே வெற்றியாளர் என்று பட்டியலைத் திருத்தியது 2022 ஜூலையில். பத்து ஆட்டத்தில் அவருடைய இடத்தில் ஏற்றிவைக்கப்பட்ட ஸ்வீடன்காரர் ஹியூகோ வீஸ்லாண்டர், அந்தத் தங்கம் தம்முடையது என்று ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை என்பதையும் அப்போது தெரிவித்தார்கள்.

ஒரு விஷயம் பாக்கி. 1936-இல் பெர்லின் பந்தயத்துக்கு ஒலிம்பியாவிலிருந்து ஜோதி கொண்டுபோனார்கள். அதுவும் பழைய ஒலிம்பியாவில் இல்லாத வழக்கம். கார்ல் டீம் என்ற ஜெர்மானியரின் ஏற்பாடு. வழியில் டெல்பியில் ஒரு சடங்குக்காகக் கல் ஒன்றைச் செதுக்கி, கூபர்டின் 1913-இல் வரைந்த ஐந்து வளையங்களை அதில் பொறித்தார்கள். சடங்கு முடிந்தது, கல் அங்கேயே கிடந்தது. பின்னால் போய்ப் பார்த்த எழுத்தாளர்கள் சிலர், வளையச் சின்னம் கிரேக்கர்கள் காலத்தது, இதோ கல்லே சாட்சி என்று புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். அந்த பெர்லின் பந்தயத்துக்கு வயதான ஸ்பிரிடோன் லூயிஸை அழைத்துவந்து, ஒலிம்பியாவின் ஒலிவக் கிளையை ஹிட்லரின் கையில் கொடுக்கவைத்தார்கள்.

கூபர்டின் அடுத்த வருஷம் ஜெனீவாவில் இறந்தார். உடலை லோஸானில் அடக்கம் செய்துவிட்டு, அவர் விருப்பப்படி இருதயத்தை மட்டும் ஒலிம்பியாவுக்குக் கொண்டுபோய் ஒரு கல்தூணுக்குள் வைத்தார்கள். யாத்திரிகர்கள் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். அவருக்கு முன்னால் பணம் கொடுத்த ஜாப்பாஸின் தலை ஆதென்ஸில், அவர் பெயரால் கட்டிய ஜாப்பியோன் மண்டபத்தின் சுவருக்குள் இருக்கிறது. அந்த மண்டபத்தில் பெரும்பாலும் மகாநாடுகளும் கண்காட்சிகளும் நடக்கின்றன.